அட்மின் இல்லாம திறக்க மாட்டேங்குற சாஃப்ட்வேர், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 11ல ஒரு பழைய 32 பிட் பில்லிங் சாஃப்ட்வேர் வச்சிருக்கோம், ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தா நல்லா ஓடுது, சும்மா டபுள் கிளிக் பண்ணா லோகோ மட்டும் வந்துட்டு எர்ரர் கூட காட்டாம மூடிக்குது. அதுக்காக எல்லாருக்கும் அட்மின் பாஸ்வேர்ட் குடுக்க எனக்கு மனசே வரல, ஒருத்தர் தப்பான ஃபைல திறந்தா மொத்த சிஸ்டமும் போயிடும். அட்மினா ஓட்டுனாலும் தொல்லைதான், நெட்வொர்க் டிரைவ் அதுக்குள்ள தெரியல, எக்ஸ்ப்ளோரர்ல இருந்து ஃபைல இழுத்துப் போட்டா எடுத்துக்க மாட்டேங்குது.

ஒரு புரோகிராம் என்னென்ன திறக்கப் பாக்குதுன்னு காட்டுற ப்ராசஸ் மானிட்டர்ங்குற டூல்ல, ஆக்சஸ் டினைட் (அனுமதி இல்லன்னு தடுத்தது) வரிகள மட்டும் ஃபில்டர் பண்ணி பாத்தேன். புரோகிராம் ஃபைல்ஸ்ல தன்னோட ஃபோல்டர்லயே செட்டிங்ஸ் வைக்கிற ஒரு ஐஎன்ஐ ஃபைல எழுதப் பாக்குது, அப்புறம் ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் செட்டிங்ஸ் சேமிக்குற இடம்) மொத்த கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஹெச்கேஎல்எம் சாஃப்ட்வேர் கீழ, 32 பிட் புரோகிராம்களுக்கான வாவ்6432நோடுல ஒரு கீய முழு உரிமையோட திறக்கப் பாக்குது. ஃபோல்டருக்கே மாடிஃபை (எழுத, மாத்த, அழிக்க உரிமை) குடுத்தா யார் வேணா எக்ஸ்இ ஃபைலயே மாத்திடலாம்ல, அதனால அந்த ஐஎன்ஐக்கு மட்டும் யூசர்ஸ் குரூப்புக்கு மாடிஃபை குடுத்தேன், லாக்ல அந்த ஐஎன்ஐ வரி போயிடுச்சு, ஆனா இன்னும் மூடிக்குது.

இப்ப ரெஜெடிட்ல (ரெஜிஸ்ட்ரிய மாத்துற டூல்) அந்த ஒரு கீக்கு மட்டும் யூசர்ஸுக்கு ஃபுல் கண்ட்ரோல் குடுத்தா போதுமா, இல்ல புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளிய வேற ஃபோல்டர்ல திரும்ப இன்ஸ்டால் பண்றது நல்லதா? யுஏசிய (அட்மின் அனுமதி கேக்குற விண்டோஸ் பாதுகாப்பு) ஆஃப் பண்ணுங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. இதே மாதிரி சரி பண்ணவங்க யாராவது இருந்தா எப்படி பண்ணீங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதுங்க, ப்ராசஸ் மானிட்டர் லாக் வேணும்னா அனுப்புறேன்.