2010 ஸ்விஃப்ட்ல வெளி லைட் எல்லாத்தையும் எல்இடி ஆக்கலாமா? இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குது

கரூர்_ஸ்விஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2010 ஸ்விஃப்ட் பெட்ரோல். ஓட்டம் பாதிக்கு மேல ராத்திரிதான். கரூர்லருந்து கொடுமுடி வழியா ஈரோடு போற ரோடு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், நடுவுல மீடியன் கிடையாது, ஓரத்துல சைக்கிள், டிவிஎஸ் எக்ஸ்எல், பின்னாடி ஒரு ரிஃப்ளெக்டர் கூட இல்லாத டிராக்டர் டிரெய்லர்னு எல்லாம் வரும். ஹெட்லைட் வெளிச்சம் பத்தவே இல்ல, சரி ஒரேடியா எல்லா பல்பையும் எல்இடியா மாத்திடலாம்னு முடிவு பண்ணி முதல்ல சின்னதுலருந்து ஆரம்பிச்சிருக்கேன். பார்க்கிங் லைட், நம்பர் பிளேட், நாலு இண்டிகேட்டர், பின்னாடி பிரேக் லைட் இவ்வளவும் மாத்தியாச்சு, ஹெட்லைட் மட்டும் பாக்கி.

இப்ப என்ன பிரச்சனைன்னா

இண்டிகேட்டர் போட்டா ரெண்டு மடங்கு வேகத்துல அடிக்குது, ரெண்டு பக்கமும்.

இடது பார்க்கிங் லைட் எரியவே இல்ல, அதே பல்ப வலது பக்கம் போட்டா எரியுது.

பிரேக் லைட்டுக்கு வெள்ளை எல்இடி போட்டேன், சிவப்பு கிளாஸ் வழியா ஒரு மாதிரி ரோஸ் கலர்ல மங்கலா தெரியுது. அதவிட முக்கியமா, சாவிய எடுத்துட்டு பிரேக்க மிதிச்சா மீட்டர்ல லைட் லேசா எரியுது. இது ஷார்ட் சர்க்யூட்டா, வண்டி தீப்பிடிக்குமா?

ஹெட்லைட்டுக்கு கடைக்காரர் 20,000 லூமன்னு (வெளிச்ச அளவாம்) எழுதின ஒரு எல்இடி செட் காட்றாரு, லோ பீம் ஹை பீம் ரெண்டும் ஒரே பல்புல வர்ற ஹெச்4 ரகம், மாத்தினா பகல் மாதிரி இருக்கும்ங்கறாரு. 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி ரினியூவல் வேற இருக்கு, எஃப்சிக்கு வண்டிய கொண்டு போய் காட்டணும். என்ன பண்ணலாம் சொல்லுங்க.

ஈரோடு_ஆட்டோ_எலக்ட்ரிக்கல்:

வணக்கங்க. நான் இந்த வேலையிலதான் இருக்கேன், உங்க கம்ப்ளைண்ட் அத்தனையும் கடைக்கு வாரம் ஒருத்தராவது கொண்டு வர்றதுதான், பயப்படாதீங்க.

இண்டிகேட்டர் முதல்ல. பழைய பல்ப் 21 வாட், அது 12 வோல்ட்ல ஒண்ணே முக்கால் ஆம்ப் இழுக்கும். நீங்க போட்ட எல்இடி மூணு நாலு வாட்தான் இருக்கும், கால் ஆம்ப் பக்கம். இண்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கற ஃப்ளாஷருக்கு கண்ணு கிடையாதுங்க, கரண்ட் குறைஞ்சா ஒரு பல்ப் ஃபியூஸ் போயிடுச்சுன்னு எடுத்துக்கிட்டு உங்களுக்கு தெரியட்டும்னு வேகமா அடிக்குது. அது ரிப்பேர் இல்ல, அது அப்படித்தான் வேலை செய்யணும்.

இதுக்கு ரெண்டு வழி. இண்டிகேட்டர் போட்டுட்டு டேஷ்போர்டுக்கு கீழ, ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் கைய வெச்சு பாருங்க, டிக் டிக்னு விரலுக்கு தட்டுற ஒரு சின்ன டப்பா தனியா சொருகியிருந்தா அதான் ஃப்ளாஷர் ரிலே, அத புடுங்கிட்டு அதே பின் வரிசையில எல்இடிக்கான எலக்ட்ரானிக் ரிலே போட்டா முடிஞ்சது. புது வண்டிங்கள்ல அந்த டப்பாவே இருக்காது, எல்லாம் பிசிஎம்ங்கற (BCM) கண்ட்ரோல் பாக்ஸ் உள்ளயே, அப்ப பழைய பல்ப் அளவுக்கு கரண்ட் இழுத்து காட்டற லோட் ரெசிஸ்டர்தான். 50 வாட் 6 ஓம்னு தங்க கலர்ல அலுமினியம் பாடியோட வரும், பல்புக்கு பேரலல்ல ரெண்டு வயருக்கும் நடுவுல போடணும். அது 2 ஆம்புக்கு மேல இழுக்கும், எரியற நேரத்துல 25லருந்து 30 வாட் சூடு, ஹசார்ட் போட்டு பத்து நிமிஷம் நிறுத்தினீங்கன்னா தொட முடியாது, தோல் உரிஞ்சிரும். நிறைய பேர் அத டேப் சுத்தி பம்பர் பிளாஸ்டிக்லயோ லைட்டுக்கு பின்னாடி கார்ப்பெட்லயோ ஒட்டி விட்றாங்க, பிளாஸ்டிக் இளகி வயர் ஒட்டிக்கிட்டு வர்ற வண்டிய நான் பாத்திருக்கேன். பாடி தகடுல ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க, வயர் அதுமேல படாம பாத்துக்கங்க.

பார்க்கிங் லைட்டுக்கு ஒண்ணுமே இல்ல. எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு, குண்டு பல்புக்கு இல்ல. கழட்டி திருப்பி சொருகுங்க, எரியும்.

பிரேக் லைட்டுதான் நீங்க உடனே பாக்கணும். வெள்ளை எல்இடிங்கறது உள்ள நீல சிப், மேல மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த வெளிச்சத்துல சிவப்பு கம்மி, சிவப்பு கிளாஸ் மிச்சத்த எல்லாம் தடுத்துட்டா வெளிய வர்றது கொஞ்சூண்டுதான். சிவப்பு கிளாஸுக்கு சிவப்பு எல்இடி, இண்டிகேட்டருக்கு ஆம்பர் எல்இடி, இத மாத்தவே கூடாது. சாவி இல்லாம மீட்டர் எரியறது ஷார்ட் இல்ல. அது 21/5 வாட் ரெட்டை இழை பல்ப், 21 பிரேக்குக்கு, 5 டெயில் லைட்டுக்கு. நல்ல எல்இடியில ரெண்டு லைனையும் பிரிக்க, கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடற டயோடு உள்ள இருக்கும். மட்டமானதுல அது இருக்காது, பிரேக் லைன் கரண்ட் டெயில் லைனுக்குள்ள புகுந்து பார்க்கிங் லைட், மீட்டர் லைட்டு வரைக்கும் போகுது. அந்த ரெண்டு பல்பையும் இன்னிக்கே கழட்டிட்டு பழசயே போடுங்க. சாயந்தரம் சுவத்துக்கு முதுகு காட்டி வண்டிய நிறுத்தி டெயில் லைட் போட்டு பிரேக்க மிதிச்சு பாருங்க, பழைய பல்புல சுவத்துல சிவப்பு குப்புனு ஏறும். புதுசுல அந்த ஏத்தம் தெரியலைன்னா பின்னாடி வர்றவருக்கும் தெரியாது.

நாமக்கல்_நைட்டு:

நான் லாரி ஓட்றேன், ஹெட்லைட் பத்தி மட்டும் சொல்றேன். தம்பி தயவு செஞ்சு அந்த 20 ஆயிரம் லூமன் செட்ட வாங்காதீங்க. சிங்கிள் ரோட்டுல, மழையில, எதிர்ல இந்த மாதிரி வெள்ளை லைட் போட்ட கார் வந்தா எங்களுக்கு ஒரு நிமிஷம் ரோடே கிடையாது. டிப் அடிச்சு காட்டினா அவரும் டிப் பண்ணுவாரு, ஆனா எதுவும் மாறாது, ஏன்னா அவர் லோ பீமே நம்ம கண்ணுலதான் அடிக்குது. லாரியில உக்காந்திருக்கற எனக்கே இப்படின்னா எதிர்ல கார்ல, பைக்ல வர்றவங்கள நினைச்சு பாருங்க. ஓரத்துல நடந்து போற ஆள் அந்த கூச்சத்துக்குள்ள மறைஞ்சிடுவாரு, கிட்ட வந்தப்புறம்தான் தெரியும். முன்னெல்லாம் போலீஸ் நிறுத்தி ஹெட்லைட் நடுவுல கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, எதிராளி கண்ணு கூசக்கூடாதுன்னுதான். அந்த ஸ்டிக்கரோட வேலை இப்ப எந்த லைட்டுக்கும் பத்தாது.

உங்களுக்கு டிராக்டர் டிரெய்லர் தெரியணும், நியாயம். எங்களுக்கும் தெரியணும்ல.

அடையாறு_புரொஜெக்டர்:

நாமக்கல் அண்ணா சொல்றது புரியுது, ஆனா எல்லா எல்இடியையும் ஒரே கணக்குல சேக்க வேண்டாம். சென்னை ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல கிடைக்கற செட் எல்லாம் ஒண்ணு இல்ல. கம்பெனியில வர்ற ஹெச்4 ஹாலஜன் பல்புல இழை எந்த இடத்துல இருக்கோ அதே இடத்துல, அதே அளவுல மெல்லிசான சிப் வெச்ச செட் இருக்கு, அத சரியா போட்டா சுவத்துல கட்டாஃப் கோடு, அதாவது வெளிச்சம் மேல முடியற கோடு, ஓரளவு சுத்தமா விழும். சிப் ரெண்டும் இடது வலது பாத்து இருக்கணும், மேல கீழ பாத்து போட்டா வெளிச்சம் சிதறும், இது தெரியாமயே பல பேர் போட்டு விட்றாங்க. அப்புறம் சமதளத்துல சுவத்துலருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி பாருங்க, லோ பீம் கோடு லைட்டோட உயரத்தவிட சுமார் 10 சென்டிமீட்டர் கீழ விழணும், நம்ம ஊர்ல இடது பக்கம் மட்டும் லேசா மேல ஏறும். இதுல பாஸ் ஆகாத செட்ட கழட்டிடணும், காசு போனாலும்.

20,000 லூமன் எல்லாம் அட்டைப் பெட்டியில மட்டும்தான் இருக்கு. ஹெச்4 ஹாலஜன் ஹை பீம் 1650, லோ பீம் 1000 லூமன் பக்கம்தான் தரும், அத வெச்சுதான் அந்த ரிஃப்ளெக்டரையே டிசைன் பண்ணியிருக்காங்க.

ஈரோடு_ஆட்டோ_எலக்ட்ரிக்கல்:

அடையாறு சார் சொன்ன சுவத்து டெஸ்ட் சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா ஓரளவு சுத்தம்ங்கறது இதுல பத்தாதுன்னு நான் நினைக்கறேன். ஹாலஜன் இழை சுத்தி எல்லா பக்கமும் வெளிச்சம் தரும், எல்இடி சிப் ரெண்டு பக்கம்தான் தரும், ரிஃப்ளெக்டர்ல சில இடத்துக்கு கூட போகும், சில இடத்துக்கு போகவே போகாது. அதனாலதான் வண்டிக்கு முன்னாடி 15, 20 மீட்டர் பளீர்னு இருக்கும், உக்காந்திருக்கறவருக்கு அட சூப்பரா இருக்கேன்னு தோணும், ஆனா தூரத்துல ஒண்ணும் இருக்காது. கிட்ட வெளிச்சம் அதிகமானா நம்ம கண்ணு சுருங்கி தூரத்துல இருக்கறது இன்னும் இருட்டாத்தான் தெரியும். ஜெர்மனியில ஓஸ்ராம் கம்பெனியோட ஹெச்7ங்கற வேற ரக எல்இடி பல்புக்கு 2020ல ரோட்டுல ஓட்ட அனுமதி குடுத்தாங்க, அதுவும் எல்லா வண்டிக்கும் இல்ல, மாடல் மாடலா டெஸ்ட் பண்ணி லிஸ்ட்ல இருக்கற வண்டிக்கு மட்டும்தான். ஒரே பல்ப் ஒரு ஹெட்லைட்ல நல்லா இருக்கும், இன்னொண்ணுல கெடுக்கும், அதான் காரணம்.

கரூர் சாருக்கு நான் சொல்றது இதுதான். உங்க ஹெட்லைட் கிளாஸ் எப்படி இருக்கு? 15 வருஷ வண்டின்னா அந்த பாலிகார்பனேட் வெயில்ல மஞ்சளாகி பால் ஊத்தின மாதிரி இருக்கும். அப்படி இருந்தா எந்த பல்ப் போட்டாலும் வேஸ்ட், வெளிச்சம் கிளாஸ்லயே சிதறிடும், எல்இடின்னா எதிராளிக்கு இன்னும் கூசும். தண்ணி தொட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள்ல வரிசையா தேய்ச்சு, பாலிஷ் போட்டு, கடைசியா யுவி கிளியர் கோட் அடிக்கணும். அந்த கோட்ட விட்டா சீக்கிரமே திரும்ப மஞ்சளாயிடும், பாலிஷ் மட்டும் போட்டு அனுப்பற கடையில குடுக்காதீங்க.

அப்புறம் வயரிங். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும், மல்டிமீட்டர பேட்டரியில வெச்சு பாருங்க, 14 பக்கம் காட்டும். அப்படியே பல்ப் கனெக்டர்ல வெச்சு பாருங்க. அங்க 12.6 காட்டினா 10 சதவீதம்தான குறைஞ்சுதுன்னு விட்றாதீங்க, ஹாலஜன்ல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் குறையும். பழைய வண்டியில கரண்ட் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியா சுத்தி வர்றதுல, கருத்துப்போன கனெக்டர்ல, துருப்பிடிச்ச எர்த்துலயே பாதி தொலையும். ஃபியூஸோட ரிலே கிட் போட்டு, ஸ்விட்ச் ரிலேவ மட்டும் இயக்கற மாதிரி செஞ்சு, லைட்டுக்கு கரண்ட பேட்டரியிலருந்து நேரா கொண்டு வந்துட்டா அதே 60/55 வாட் ஹாலஜன் புது லைட் மாதிரி அடிக்கும். 100/90 வாட் பல்ப் போடறேன்னு மட்டும் போயிடாதீங்க, ஹோல்டர் உருகும். புது ஹாலஜன் போடறப்ப கண்ணாடிய வெறும் கையில தொடாதீங்க, எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போயிடும்.

கரூர்_ஸ்விஃப்ட்:

ரொம்ப நன்றிங்க. பார்க்கிங் பல்ப திருப்பி போட்டேன், எரிஞ்சிருச்சு. பிரேக் லைட்டுக்கு பழைய பல்பே போட்டாச்சு, மீட்டர் எரியறது நின்னுடுச்சு. ஹெட்லைட் கிளாஸ் நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, மேல் பாதி முழுக்க மஞ்சள், விரல்ல தேய்ச்சா சொரசொரன்னு இருக்கு. மீட்டர் வெச்சு பாத்ததுல பேட்டரியில 14.1, இடது கனெக்டர்ல 12.3, வலதுல 12.7.

அப்ப பிரேக் லைட்டுக்கு எல்இடியே வேண்டாமா? நல்லதுன்னு ஒருத்தர் சொன்னாரு. எஃப்சிக்கு என்ன பண்றது? நம்பர் பிளேட்டுக்கு ஐஸ் ப்ளூ போட்டிருக்கேன், அது பரவால்லயா?

அடையாறு_புரொஜெக்டர்:

பிரேக்குக்கு நல்ல சிவப்பு எல்இடி கிடைச்சா தாராளமா போடுங்க, எல்இடியால நிஜமான லாபம் அங்கதான். குண்டு பல்ப் இழை சூடாகி முழு வெளிச்சம் வர சுமார் 0.2 செகண்ட் ஆகும், எல்இடி உடனே வந்துடும். 80ல வர்றவருக்கு அந்த நேரத்துல நாலரை மீட்டர் ஓடும், ஒரு கார் நீளம். ரிவர்ஸ் லைட்டுக்கும் வெள்ளை எல்இடி போடலாம், வீட்டு சந்துல பின்னாடி எடுக்கறப்ப வித்தியாசம் தெரியும்.

ஈரோடு_ஆட்டோ_எலக்ட்ரிக்கல்:

12.3ங்கறது ரொம்ப கம்மிங்க, ஒண்ணே முக்கால் வோல்ட் வழியிலயே போகுது. இடது பக்க எர்த் வயர் பாடியில சேர்ற இடத்த கழட்டி உப்புத்தாள் போட்டு சுத்தம் பண்ணுங்க, அப்புறம் ரிலே கிட். பாலிஷும் இதுவும் சேந்து முடிஞ்சா உங்களுக்கு எல்இடி ஞாபகமே வராது.

எஃப்சிக்கு போறப்ப ஹெட்லைட் கம்பெனி ஹாலஜன்லயே இருக்கட்டும், அங்க ஹெட்லைட் பாப்பாங்க. கம்பெனி குடுத்தத மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு இருக்கு, அத வெச்சு கேள்வி கேட்டா பதில் சொல்ல முடியாது. ஐஸ் ப்ளூவ எடுத்துடுங்க. நம்பர் பிளேட்டுக்கு வெள்ளைதான், வெறும் வெள்ளை.

இண்டிகேட்டர்ல இன்னொண்ணு. ரெசிஸ்டர் போட்டுட்டீங்கன்னா பல்ப் செத்தாலும் இனிமே வேகமா அடிக்காது, உங்களுக்கு தெரியாது. மாசம் ஒரு தடவை ஹசார்ட் போட்டுட்டு இறங்கி வண்டிய சுத்தி வந்து பாருங்க.

நாமக்கல்_நைட்டு:

எர்த் சுத்தம் பண்ணிட்டு வாசலின் தடவி விடுங்க தம்பி, மழையில திரும்ப துரு ஏறாது. ரிலே போட்டப்புறம் லைட் லெவலும் ஒரு தடவை சுவத்துல பாத்துருங்க, வெளிச்சம் ஏறிட்டா பழைய லெவல்லயே எங்களுக்கு கூசும்.