பியூசி19 பிளாஸ்மிட் போட்டும் ஒரு பாக்டீரியா காலனிகூட வரவில்லை

ஈ. கோலை பாக்டீரியாவின் ஆய்வக வகையான டிஎச்5 ஆல்ஃபா செல்களுக்குள் பிளாஸ்மிட் (சிறிய வட்ட டிஎன்ஏ) ஏறவே மாட்டேன் என்கிறது. போன மாதம் வரை நன்றாக வந்தது. இப்போது, பிளாஸ்மிட் ஏறிய செல்கள் மட்டுமே வளரக்கூடிய ஆம்பிசிலின் (ஆன்டிபயாடிக்) தட்டு மொத்தமும் காலி. அடுத்த வேலை எல்லாம் இதை நம்பித்தான் நிற்கிறது.

லைகேஷனில் (டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் படியில்) கோளாறோ என்று வெட்டாத பியூசி19 போட்டுப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. ஆம்பிசிலின் இல்லாத தட்டில் அடர்த்தியாக வளர்கின்றன, அதனால் செல்கள் சாகவில்லை. செய்முறை: பனிக்கட்டியில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 விநாடி, மறுபடி பனிக்கட்டி, அப்புறம் எஸ்ஓசி என்ற சத்து ஊடகத்தில் 37 டிகிரியில் 1 மணி நேரம். வெந்நீர்த் தொட்டியின் வெப்பத்தைத் தனி வெப்பமானி வைத்துச் சரிபார்த்தேன். தட்டுகளும் புதிது, ஆம்பிசிலின் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

மாறியது ஒன்றுதான்: சட்டென்று உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் கிடைக்காததால், கால்சியம் குளோரைடில் தயாரித்த செல்களை நேராக மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்தோம்.

இந்த மெதுவான உறைதல் மட்டுமே செல்களின் டிஎன்ஏ ஏற்கும் திறனை இப்படி முழுசாக அழித்துவிடுமா?