2010 ஹோண்டா சிட்டி: ஆண்ட்ராய்டு செட்டைக் கழற்றிவிட்டு கம்பெனி செட்டையே திரும்பப் போடலாமா?

தேனி_சிட்டி
வணக்கம் நண்பர்களே. 2010 மாடல் ஹோண்டா சிட்டி பெட்ரோல் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறேன். இன்ஜின், பாடி எல்லாம் சுத்தம். தொல்லை முழுக்க ஸ்டீரியோவில்தான். முந்தைய ஓனர் கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு 9 இன்ச் ஆண்ட்ராய்டு திரை மாட்டியிருக்கிறார். பழைய செட்டை ஓரச் சட்டத்தோடு ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

வண்டியை இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி புதுசு, கடையில் சோதித்தும் பார்த்தாயிற்று, குறை இல்லை. சாவியை எடுத்தாலும் திரை அணையாது, பட்டனை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். கோடை எஃப்எம் 100.5 வீட்டு ரேடியோவில் கண்ணாடி மாதிரி கேட்கிறது, காரில் ஒரே இரைச்சல். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு 'உய்ங்' சத்தம் கூடவே ஏறுகிறது. தவில், மிருதங்கம் எதற்கும் அடிச் சத்தமே இல்லை, தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது. ஸ்டீரிங்கில் உள்ள பட்டன்களும் வேலை செய்யவில்லை.

கடைக்காரர் இதை விடப் பெரிய ஆண்ட்ராய்டு போடச் சொல்கிறார். அப்பா கம்பெனி செட்டையே மாட்டச் சொல்கிறார். வீட்டில் மனைவியும் ஓட்டுவார், ரிவர்ஸ் கேமரா அவருக்குக் கட்டாயம் வேண்டும். அது இந்தத் திரையில்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

வைகைக்கரை
கம்பெனி செட்டுக்குத் திரும்பாதீர்கள் ப்ரோ. அதில் சிடி கூடக் கிடையாது, யூஎஸ்பியும் ஆக்ஸும் (வெளியிலிருந்து பாட்டுக்கு வயர் செருகும் துளை) தான். ப்ளூடூத் இல்லாமல் இந்தக் காலத்தில் எப்படி? பயனியர், சோனி மாதிரி நல்ல பிராண்டில் டச் ஸ்கிரீன் வாங்குங்கள். கேமராவும் அதிலேயே வந்துவிடும்.

வயர்மேன்_திண்டுக்கல்
தம்பி, எந்த செட் என்று முடிவு செய்வதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள். நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் செட்டின் குறையே இல்லை, மாட்டிய விதத்தின் குறை. இதைச் சரி செய்யாமல் விலை கூடிய செட் போட்டாலும் இதே தொல்லைதான் வரும்.

ஆண்ட்ராய்டு செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் வரும் மெயின் லைன். சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏசிசி லைன். சாவியை எடுத்தும் திரை அணையவில்லை என்றால், இரண்டையும் முறுக்கி மெயினிலேயே கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பட்டனை அழுத்தினால் திரைதான் இருட்டாகும், உள்ளே செட் ஓடிக்கொண்டே இருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அந்த டெர்மினலுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். கதவெல்லாம் மூடி இருக்கட்டும், இருபது நிமிஷம் பொறுங்கள். 50 மில்லிஆம்பியருக்குக் கீழே வந்தால் கவலை இல்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அடிச் சத்தம் இல்லாததற்கு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்க ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மறுபக்கம் உள்ளே இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். சத்தம் கனமானால் அதுதான் காரணம்.

செட்டை வெளியே இழுத்து, பின்னால் போட்டோ எடுத்துப் போடுங்கள். முக்கியமாக, வண்டி வயர்களை செட்டில் செருகும் ஒரிஜினல் கப்ளரை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தேனி_சிட்டி
அண்ணா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. மீட்டரில் 0.62 ஆம்பியர் நின்றது. ரேடியோ ஃபியூஸைக் கழற்றியதும் 0.02க்கு இறங்கியது. பேலன்ஸை இடது பக்கம் தள்ளியதும் தவில் திடீரென்று எழுந்து வந்தது, நடுவில் வைத்தால் மறுபடி காணோம்.

செட்டை இழுத்துப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் ஒரே முறுக்கு, மேலே கறுப்பு டேப். வெயிலில் பசை உருகிக் கையில் ஒட்டுகிறது. நீல வயரும், கீ 1, கீ 2 என்று எழுதிய இரண்டு வயரும் எதிலும் சேராமல் தொங்குகின்றன. கறுப்பு வயரை பெயின்ட் அடித்த ஒரு பிராக்கெட் ஸ்க்ரூவில் மாட்டியிருக்கிறார்கள். ஒரிஜினல் கப்ளரை வெட்டிவிட்டார்கள். ஆனால் வெட்டிய துண்டு அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது, ஒரு விரல் நீளத்துக்கு வயரும் அதில் மிச்சம் இருக்கிறது.

வயர்மேன்_திண்டுக்கல்
கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள். 0.62 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 ஏஎச் (ஆம்பியர் x மணி நேரம்) போகிறது. உங்கள் வண்டிக்கு 35 ஏஎச் பேட்டரி. இரண்டு நாளில் செல்ஃப் எடுக்காததில் வியப்பே இல்லை. இப்படி அடிக்கடி அடியோடு இறங்கினால் பேட்டரியின் ஆயுளும் குறையும்.

நீல வயர் ஆன்டெனாவுக்கு. ஆன்டெனாவில் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதற்குக் கரண்ட் இந்த வயரில்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் எஃப்எம் இரையும். அதோடு, மலிவு ஆண்ட்ராய்டு செட்களில் ரேடியோ பகுதியே பலவீனம், அதற்கு வயரிங்கில் மருந்து இல்லை. கீ 1, கீ 2 ஸ்டீரிங் பட்டனுக்கு. 'உய்ங்' சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது, எர்த் சரியில்லாவிட்டால் அது ஸ்பீக்கரில் ஏறும். எர்த்தை பெயின்ட் மேல் கொடுத்தால் அப்படித்தான்.

கப்ளர் துண்டு கிடைத்தது பெரிய விஷயம். என்னைக் கேட்டால் இந்த வண்டிக்கு கம்பெனி செட்டுதான். உங்கள் டேஷ்போர்டின் வடிவத்துக்கே செய்தது, ஸ்டீரிங் பட்டன் தானாக வேலை செய்யும், ரேடியோவும் நன்றாக எடுக்கும். ஆண்ட்ராய்டு செட்களின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் '4 x 50 வாட்' விளம்பரத்தை நம்ப வேண்டாம். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு, தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத எந்த செட்டும் தொடர்ந்து சுத்தமாகத் தருவது 20 வாட்டுக்குப் பக்கம்தான். மேப்பும் டச் ஸ்கிரீனும் கட்டாயம் என்றால் வைகைக்கரை சொன்ன மாதிரி பிராண்டு செட் நல்ல வழிதான், மறுக்கவில்லை. அதற்கும் ஓரச் சட்டம் தனியாக வாங்க வேண்டும். வெளிச்சந்தையில் கிடைக்கும் டபுள் டின் அளவு செட் 180 x 100 மி.மீ., உங்கள் டேஷ்போர்டின் வாய் அந்த அளவில் இல்லை.

கோவை_ஐவிடெக்
என் வண்டியும் இதே தலைமுறை, கம்பெனி செட்டோடுதான் ஓட்டுகிறேன். ஆக்ஸில் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர் செருகியிருக்கிறேன், போன் பாட்டு அதில் வருகிறது. ரிசீவருக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கரண்ட் எடுத்தால் 'உய்ங்' சத்தம் வரலாம். வந்தால் ஆக்ஸ் வயருக்கு நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பொருள்) போடுங்கள், நின்றுவிடும். பென்டிரைவ் 32 ஜிபிக்குள் வாங்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து எம்பி3 பாட்டுகளைப் போடுங்கள். பெரிய பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், பழைய செட்கள் பெரும்பாலும் அதைப் படிக்காது.

இன்னொன்று, ஹோண்டாவின் பல மாடல்களில் செட்டுக்குக் கரண்ட் போய் வந்தால் கோட் (திருட்டைத் தடுக்கும் ரகசிய எண்) கேட்கும். வண்டிக் காகிதங்களோடு கோட் கார்டு இருக்கிறதா என்று பழைய ஓனரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேனி_சிட்டி
கோட் கார்டு சர்வீஸ் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. கம்பெனி செட் என்று முடிவு செய்துவிட்டேன், அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். கப்ளரை எப்படிச் சேர்ப்பது? கேமராவை எங்கே மாற்றுவது?

வயர்மேன்_திண்டுக்கல்
முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆண்ட்ராய்டுக்காக முறுக்கியதை எல்லாம் பிரித்துவிட்டு, வெட்டிய கப்ளரின் வயரை அதே நிறத்தில் உள்ள வண்டி வயரோடு சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடச் சொல்லுங்கள். குழாயை சால்டர் வைப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும்.

ஸ்பீக்கர் மைனஸை எர்த்தில் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், செட்டின் ஐசி எரிந்துவிடும். கதவில் ஸ்பீக்கரை மாற்றிய தடம் தெரிந்தால் பிளஸ் மைனஸைத் தனியாகப் பாருங்கள். கப்ளரை செட்டில் செருகுவதற்கு முன், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் வயர் இரண்டிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கர் பிளஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் அந்தக் கதவில் மாறியிருக்கிறது.

கேமராவுக்கு, உள் கண்ணாடியின் மேல் மாட்டும் மிரர் ஸ்கிரீன் வாங்குங்கள். கேமராவுக்கு ரிவர்ஸ் லைட்டில்தான் கரண்ட் எடுத்திருப்பார்கள், அதைத் தொட வேண்டாம். ஆண்ட்ராய்டின் பின்னால் செருகியிருக்கும் மஞ்சள் வீடியோ பின்னைக் கழற்றி மிரரில் செருகினால் படம் வரும். மிரருக்குக் கரண்ட் ஏசிசி லைனில் 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள், 0.02க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.