லாகோஸ் பையர் பாக்கி தரவில்லை, பெட்ரோல் மானியம் போனதுதான் காரணம் என்கிறார். நம்பலாமா?

பவர்டேபிள் அக்கா (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் பதினொரு வருஷமாகச் சின்னதாக ஒரு பனியன் யூனிட் ஓட்டுகிறேன். பத்து மெஷின், ஒரு கட்டிங் டேபிள், அவ்வளவுதான். அதோடு பெரிய கம்பெனிகளில் ரிஜெக்ட் ஆகும் சரக்கை லாட்டாக எடுத்து, தரம் பிரித்து, கறை எடுத்து, பேலாக (பெரிய கட்டாக) கட்டி விற்கிறோம். அதில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர் நைஜீரியா நாட்டு லாகோஸ்காரர் ஒருவர். 2016-ல் இங்கே காதர்பேட்டை பனியன் சந்தைக்கு வந்தபோது பழக்கமானார். மூட்டையைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு டி-சர்ட்டிலும் கழுத்து ரிப்பை (கழுத்தைச் சுற்றி இருக்கும் இழுபடும் பட்டியை) இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்ப்பார். திரும்பச் சுருங்காவிட்டால் ஒதுக்கிவிடுவார். எங்கள் அம்மா அரிசிம்பருப்பு சாதம் போட்டால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஏழு வருஷத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட வம்பு வந்ததில்லை.

2023 ஏப்ரலில் 5,000 டாலர் சரக்கு தூத்துக்குடி வழியாகப் போனது. 2,000 அட்வான்ஸ் வந்துவிட்டது. மீதி 3,000, சரக்கு விற்றதும் என்று பேச்சு. அந்த ஜூனில் சரக்கு போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் 100, 200 டாலராக அனுப்பி, பாக்கி இன்னும் 1,900 நிற்கிறது. கேட்டால், "எங்கள் ஊரில் பெட்ரோல் மானியத்தை எடுத்துவிட்டார்கள், வியாபாரமே இல்லை" என்கிறார். பெட்ரோல் விலைக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. நம் ஊரிலும்தான் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு வந்தது, நாம் வியாபாரத்தை நிறுத்திவிட்டோமா?

இப்போது கிறிஸ்துமஸுக்கு எட்டு பேல் கேட்கிறார், பாதி அட்வான்ஸ் தருகிறாராம். ஆளே மாறிப்போன மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் போன் செய்தால் பின்னால் ஏதோ மோட்டார் சத்தம் ஓயாமல் கேட்கும், கத்தித்தான் பேசுவோம். இப்போது அமைதியாக இருக்கிறது, கடையில்தான் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. அந்த நாட்டைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்ககிரி லாரி

அக்கா, பாக்கி தீராமல் ஒரு பேல்கூட ஏற்ற வேண்டாம். மானியம் போனால் எப்படி இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். 2013 ஜனவரியில் ஆரம்பித்து மாதம் 50 காசு என்று டீசலை ஏற்றினார்கள். ஒவ்வொரு மாதமும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் வாடகையை மெல்ல மெல்ல ஏற்றிச் சமாளித்தோம். 2014 அக்டோபரில் முழுசாக டீசல் விலையைச் சந்தை நிலவரத்துக்கே விட்டுவிட்ட அன்றைக்கு ஏறவே இல்லை, 3.37 ரூபாய் குறைந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஒன்றரை வருஷமாகப் பாக்கி நிற்க இது காரணமாகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காங்கேயம் வயர்மேன்

அம்மணி, அவர் சொல்வது உண்மை. நான் 2014 முதல் 2024 மார்ச் வரை லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் கேட்ட மோட்டார் சத்தம் இப்போது இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. அது ஜெனரேட்டர். நைஜீரியாவில் இருபது கோடிக்கு மேல் ஜனம். அத்தனை பேருக்கும் சேர்த்து கிரிட்டில் வருவது 4,000, 5,000 மெகாவாட். நம் தமிழ்நாடு மட்டும் 2024 கோடையில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் இழுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கரண்ட் வந்துவிட்டால் தெருவில் குழந்தைகள் எல்லாம் "அப் நேப்பா!" என்று கத்துவார்கள். நேப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். வாரியம் போய்ப் பல வருஷம் ஆகியும் அந்தக் கத்தல் போகவில்லை. 2012-ல் நம் பக்கம் நாளில் பாதிக்கு மேல் பவர்கட்டில் கிடந்தோமே, அதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தலைமுறையே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

அதனால் தையல்காரர், சலூன்காரர், ஐஸ் தண்ணீர் விற்பவர், துணிக்கடைக்காரர் என்று எல்லோரிடமும் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கும். ஒரு கையில் தூக்கிப் போகிற அளவில் ஒரு சின்ன வகை உண்டு. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்". பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல் என்று அர்த்தம். அதுவும் இல்லாதவன்தான் ஏழை. லைட், ஃபேன், தையல் மெஷின் எல்லாம் அதில்தான் ஓடும். நமக்குப் பெட்ரோல் வண்டியோடு முடிந்துவிடும். அவர்களுக்குக் கரண்டும் அதுதான்.

2023 மே 29, திங்கள்கிழமை. டினுபு ஜனாதிபதியாகப் பதவியேற்ற பேச்சிலேயே மானியம் இனி இல்லை என்றார். சாயங்காலமே பங்க்குகளில் வரிசை கட்டிவிட்டது. புதன்கிழமை எங்கள் கம்பெனிக்கு எதிர்ப் பங்க்கில் போர்டை மாற்றினார்கள். 185 நைரா (நைரா அந்த நாட்டுப் பணம்) அளவில் இருந்த லிட்டர் 488. மூன்று நாள்தான். சங்ககிரி அண்ணன் சொன்ன மாதம் 50 காசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எடுத்ததற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022-ல் மட்டும் மானியத்துக்கு 4 லட்சம் கோடி நைராவுக்கு மேல் போயிருக்கிறது. கச்சா எண்ணெய் எடுக்கிற நாடு, ஆனால் அரசாங்கத்தின் சுத்திகரிப்பு ஆலைகள் பல வருஷமாக ஓடவில்லை. எடுத்த எண்ணெயை வெளியே விற்றுவிட்டு, பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கினார்கள். அதை மலிவாக விற்கப் போய், எல்லை தாண்டிப் பெனின் நாட்டுச் சாலையோரத்தில் பாட்டில் பாட்டிலாக அது விலை போனது. லாகோஸ் பக்கம் டாங்கோட்டே என்ற பெரிய தொழிலதிபர் கட்டிய ஆலையில் பெட்ரோல் வர ஆரம்பித்ததே 2024 செப்டம்பரில்தான். ஆனால் எடுத்த விதம் இருக்கிறதே, அதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. 2012 ஜனவரி 1-ல் இதே மாதிரி ஒரே நாளில் எடுத்து, 65 நைரா 141 ஆகி, நாடே தெருவுக்கு வந்து, இரண்டு வாரத்தில் 97-க்கு இறக்கினார்கள். அது தெரிந்தும் மறுபடி அப்படியே செய்தார்கள்.

என் ஹெல்பர் பையன் அகேகேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். மஞ்சள் வேன்கள், டான்ஃபோ என்பார்கள். ஜூனில் அந்தக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சம்பளம் அதே சம்பளம். அவன் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான். கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ தேயக்கூடாது என்று அதைப் பையில் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்பில் நடந்து வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் துடைத்து ஷூ மாட்டுவான். தினமும் பார்த்தேன். அவன் மட்டும் இல்லை. வேலைக்கு வரவே காசு இல்லை என்பதால் க்வாரா, எடோ மாநிலங்களில் அரசு ஊழியர்களை வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள்.

கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா சோறும் பயறும் விற்பார். நானும் அங்கேதான் மத்தியானம் சாப்பிடுவேன். தக்காளியும் மிளகாயும் வடக்கே கானோ பக்கத்திலிருந்து லாரியில் ஆயிரம் கிலோமீட்டர் வரும். முதலில் கறித்துண்டு பாதியானது. அப்புறம் கறி போய் மீன் வந்தது. கடைசியில் வெறும் குழம்பு. அவர் தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், எத்தனையோ வருஷமாகக் கை நிறையப் போட்டவர். லோடிங் ஆட்கள் அவரிடம் வருவதை நிறுத்திவிட்டுக் காரியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை போட்டுக் குடித்தார்கள். காரி என்பது மரவள்ளிக்கிழங்கு மாவு. நம் சேலம், நாமக்கல்லில் ஜவ்வரிசிக்குப் போகிறதே, அதே கிழங்குதான். 2024 ஜூன் கணக்குப்படி அங்கே சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருஷத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. சாப்பிடவே பத்தாதவன் பனியன் எங்கே எடுப்பான்?

இனி உங்கள் பாக்கி. மானியம் போன அடுத்த மாதமே நைராவின் மதிப்பையும் சந்தை நிலவரத்துக்கே விட்டுவிட்டார்கள். அதுவரை அரசாங்கம் ஒரு டாலரை 460 நைரா சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தது. வியாபாரிகளுக்கு அந்த விலையில் கிடைக்காது, வெளியில் 750 கொடுத்து வாங்குவார்கள். 2024 பிப்ரவரியில் அது 1,500-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் 3,000 டாலருக்கு அவர் மனசில் போட்டிருந்த கணக்கு இருபத்திரண்டரை லட்சம் நைரா. அதை வைத்துத்தான் டி-சர்ட்டுக்கு விலை சொல்லியிருப்பார், விற்றும் இருப்பார். கட்டப் போகும்போது அதே பாக்கி 45 லட்சம். அந்த நிலைமையில் 1,100 டாலர் அனுப்பியிருக்கிறார் என்றால், அந்த மனிதர் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை.

கோவை மோட்டார்

வயர்மேன் அண்ணா, ஒரு சந்தேகம். 2024 செப்டம்பரில் அங்கே லிட்டர் 900 நைரா என்று பார்த்தேன். நம் பணத்தில் 50 ரூபாய்க்குள்தான் வருகிறது. நாம் அதற்கு இரண்டு மடங்கு கொடுக்கிறோமே? அப்படிப் பார்த்தால் நாம்தானே அதிகம் கஷ்டப்பட வேண்டும்?

காங்கேயம் வயர்மேன்

தம்பி, ரூபாயாக மாற்றாமல் அவர்கள் சம்பளத்தை வைத்துப் பாருங்கள். 2023 மே மாதம் அங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 நைரா. 185 வீதம் அதில் 162 லிட்டர் வாங்கலாம். இரண்டே மாதத்தில் பெட்ரோல் 600-ஐத் தாண்டியது, அதே சம்பளத்தில் 50 லிட்டர்கூட வராது. 2024 ஜூலையில்தான் 70,000 ஆக்கினார்கள். அதற்குள் பெட்ரோல் 900, ஆக 77 லிட்டர். அந்த 70,000 நம் பணத்தில் 3,500 ரூபாய் சொச்சம். தெருக்கடைக்காரருக்கும் ஹெல்பருக்கும் அந்தச் சட்டச் சம்பளம்கூடக் கிடையாது.

இன்னொன்று, நாம் யோசித்தே பார்க்காதது. நம் ஊரில் பெட்ரோல் ஏறினாலும் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது, 2011-லிருந்து. 2021-லிருந்து பெண்கள் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகிறார்கள். அக்கா யூனிட்டுக்கு வரும் தையல் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், இந்த இரண்டும் இல்லை என்றால் மாதம் எவ்வளவு போகும் என்று சொல்வார்கள். நைஜீரியாவில் சாதாரண ஜனத்துக்கு அரசாங்கத்திடமிருந்து நேராகக் கைக்கு வந்த ஒரே சலுகை மலிவுப் பெட்ரோல்தான். அதை எடுத்துவிட்டு, மாநிலத்துக்கு 500 கோடி நைரா கொடுத்து அரிசி வாங்கிப் பிரியுங்கள் என்றார்கள். ஒன்றரைக் கோடிக் குடும்பங்களுக்கு மாதம் 25,000 நைரா, மூன்று மாதம் என்றார்கள். முறைகேட்டுப் புகார் கிளம்பி 2024 ஜனவரியில் அந்தத் திட்டங்களையே நிறுத்தி வைத்தார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் கைக்கும் அது வந்து நான் பார்க்கவில்லை. 2024 ஆகஸ்டில் பத்து நாள் ஜனம் தெருவில் நின்றது சும்மா இல்லை.

சங்ககிரி லாரி

நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன் அக்கா. எங்களால் வாடகையை ஏற்ற முடிந்தது, ஏற்றியதைக் கொடுக்கவும் ஆள் இருந்தது. அங்கே அது இல்லை. இருந்தாலும் கடன் சரக்கு மட்டும் வேண்டாம். டாலர் நாளைக்கு எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியாதபோது நீங்கள் எந்தக் கணக்கில் கொடுப்பீர்கள்? பழைய பாக்கியைத் தனியாக வையுங்கள். புதுச் சரக்கு முழுப் பணம் வந்ததும், சின்ன லாட்டாக.

பவர்டேபிள் அக்கா (திருப்பூர்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி அவருக்குப் போன் செய்தேன். பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. ஜெனரேட்டர் என்ன ஆச்சு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உனக்கு யார் சொன்னார்கள்?" என்றார். பெரியதைப் போன வருஷம் டிசம்பரில் விற்றுவிட்டாராம். நீ அனுப்பச் சொன்ன பணத்தில் 400 டாலர் அதுதான் என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இப்போது வெளிச்சம் இருக்கும்வரைதான் கடை. நாலு மணிக்கு மூட்டை கட்டிவிட்டு, பஸ் கட்டணம் ஏறும் சாயங்கால நேரத்துக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாராம். சின்ன ஜெனரேட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. மகளுக்குப் பரீட்சை என்றால் மட்டும் போடுவார்களாம்.

எட்டு பேல் வேண்டாம், நாலு எடுங்கள், முழுப் பணம் வந்ததும் ஏற்றுகிறேன், பழைய 1,900-க்கு அவசரம் இல்லை, மாதம் 50 வந்தாலும் சரி என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்று கேட்டார். நாலிலும் பெரியவர்கள் சைஸ் போட வேண்டாமாம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவும் அம்மாவும் தங்களுக்கு எடுக்க மாட்டார்கள், குழந்தைக்கு மட்டும் எப்படியாவது ஒன்று எடுத்துவிடுவார்கள் என்றார். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரை, கலர் நல்ல பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

இன்றைக்குக் காலையிலிருந்து லாட் பிரித்துக்கொண்டிருக்கிறோம். குழந்தைகள் சைஸில் கழுத்து ரிப் தளர்ந்தது நிறைய இருக்கிறது, அதையெல்லாம் புது ரிப் வைத்துத் தைக்கக் கொடுத்துவிட்டேன். புரட்டாசி முடிவதற்குள் தூத்துக்குடிக்கு வண்டி ஏற்றினால் நவம்பரில் போய்ச் சேர்ந்துவிடும். சங்ககிரி அண்ணா, அந்த வாரம் உங்கள் வண்டி ஏதாவது அந்தப் பக்கம் போகுமா? வாடகை சொல்லுங்கள்.