எங்களுக்குப் பிறகு மகனுக்கு யார்? கூட்டு இல்லம் பற்றி ஒரு கேள்வி

வணக்கம். ஊர் திருச்சி. மகனுக்கு 26 வயது, ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. எனக்கு 63, மனைவிக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும். எங்கள் காலத்துக்குப் பிறகு அவனை யார் பார்ப்பது என்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கிறது. நிராமயா மருத்துவக் காப்பீடு இருக்கிறது (ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை). 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்றிதழும் வாங்கியாச்சு. உயில் எழுதியாச்சு. காகிதத்தில் குறையில்லை, ஆள்தான் இல்லை. தங்கை "நான் பார்த்துக்கிறேண்ணா" என்கிறாள். அவளுக்கும் அறுபது நெருங்குகிறது.

ஒரு விடுதியில் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தோம். சாதத்தில் குழம்பு பட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான், தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். பல் வலித்தால் சொல்லத் தெரியாது, கன்னத்தைச் சுவரில் இடிப்பான். அதை 'அடம்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். கூட்டி வந்துவிட்டோம்.

இப்போது எங்களைப் போன்ற சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே வளாகத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைக் கடைசிவரை அங்கேயே வைத்துக்கொள்ளப் பேசுகிறோம். இடம் தயார். வக்கீல் டிரஸ்ட் போடச் சொல்கிறார். ஆடிட்டரோ 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியச் சொல்கிறார். எதுவானாலும் நிர்வாகத்தில் உட்காரப்போவது நாங்கள்தான், அதாவது எல்லாருமே வயசானவர்கள்.

தமிழ்நாட்டில் இப்படி இல்லம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்: பெற்றோர் தலைமுறை முழுக்கப் போனபின் நிர்வாகம் யார் கைக்குப் போகும்படி எழுதி வைத்திருக்கிறீர்கள்?