புதுப்பிப்பு: ஊர் வாசகசாலை நூல்களைப் பிரிவுவாரியாக அடுக்குவது

மேலூர்ப் பக்கத்து வாசகசாலைக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து நூல்களை அடுக்கும் டியூயி தசம முறையைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: தலைப்பை மட்டும் பார்த்து எண் போடாதீர்கள், பொருளடக்கத்தையும் முன்னுரையையும் புரட்டுங்கள். மீனாட்சியம்மன் கோயில் பற்றிய நூல் கோபுரம், தூண் என்று கட்டடக்கலை பேசினால் 726. வழிபாடு, தலபுராணம் என்றால் 294.5. ஜல்லிக்கட்டு 791.8, மாடு வளர்ப்பு 636.2. இரண்டையும் கலந்து வைத்தால் பால்மாடு வைத்திருப்பவருக்கு வேண்டிய நூல் கிடைக்காது, அது பெரிய இழப்பு. இரு பிரிவுக்கும் பொருந்துகிறதா? அதிகப் பக்கங்கள் எதைப் பற்றியோ அங்கே நூலை வையுங்கள்; மற்ற இடத்தில், நூல் இருக்கும் பிரிவின் எண்ணை எழுதிய அட்டை போதும். தமிழ் இலக்கியம் சீக்கிரம் நிரம்பும், கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113 என்று முதலிலேயே பிரியுங்கள். தட்டில் கால்பங்கு இடம் விடுங்கள்.