வார்டு படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

உளுந்துத் தம்பி (ரங்கூன்):

போன வாரம் வார்டு ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், அப்பா பெயர், வயது எல்லாம் மளமளவென்று எழுதினேன். 'தொழில்' கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற அம்மா தொண்டையைச் செருமினார். 'வியாபாரம்' என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் வியாபாரியே இல்லை. ஒரு மூட்டை உளுந்துகூட என் பெயரில் கிடையாது.

பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு ஏற்றுமதி முதலாளியிடம் பதினோரு வருஷமாக இருக்கிறேன். காலையில் குத்தூசியை மூட்டையில் செருகி, ஒரு கை உளுந்தைத் தட்டில் பரப்புவேன். கல், உடைசல், வண்டு துளைத்தது எல்லாவற்றையும் விரலால் ஒதுக்கிவிட்டு இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. பல்லுக்கடியில் நசுங்கினால் ஈரம் இருக்கிறது, கப்பலிலேயே பூத்துவிடும். மணி பெரிதாக, ஒரே அளவாக இருந்தால் எஸ்.க்யூ., அதாவது உயர்ந்த தரம். சின்னதும் பெரியதுமாக இருந்தால் எஃப்.ஏ.க்யூ., சராசரித் தரம். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரம் யாரோடும் பேச வேண்டியதில்லை.

பதினோரு மணிக்கு, அதாவது சென்னையில் பத்து மணிக்கு, போன் வரும். அந்தப் பக்கம் வாங்குகிறவர். இந்தப் பக்கம் சரக்கு வைத்திருக்கும் பர்மியப் பெரியவர். நடுவில் நான். அங்கே குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய், இங்கே டன்னுக்கு இத்தனை லட்சம் சாட் (பர்மியப் பணம்), காகிதத்தில் டாலர். கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச்சில்தான் சிக்கல்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சென்னைக்காரர், "யோவ், அந்தக் கிழவன் போன தடவை கல்லைக் கலந்து அனுப்பிட்டான். திருட்டுப் பய. இந்தத் தடவையும் அதே விலைன்னா என் மூஞ்சியிலேயே முழிக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். நான் பெரியவர் பக்கம் திரும்பி, "விலையை இன்னும் கொஞ்சம் பார்த்துச் சொன்னால் தேவலை என்கிறார் கமியா" என்றேன். கமியா என்றால் பர்மியப் பேச்சில் மரியாதைக்காகக் கடைசியில் ஒட்டுகிற 'ஐயா'. கல்லையே காணோம், கவனித்தீர்களா? பெரியவர் சிரித்துக்கொண்டு "ஆனாதே" என்றார். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். சங்கடம், தாட்சண்யம், மனசு ஒப்பவில்லை என்று எப்படியும் சொல்லலாம். அன்றைக்கு அவர் சொன்னதற்கு அர்த்தம், "முடியாது, இத்தோடு விடு". நான் "அவருக்குச் சங்கடமா இருக்காம் சார்" என்று சொல்லிவைத்தேன். ஆள் இறங்கி வருகிறான் போல என்று நினைத்துக்கொண்டு சென்னைக்காரர் டன்னுக்கு இன்னும் பத்து டாலர் குறைத்துக் கேட்டார். பெரியவர் எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டார். பேரம் முறிந்தது. இரண்டு பக்கமும் திட்டு எனக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கப் பிடிப்பதில்லை. "வாயை வாடகைக்கு விட்டுட்டு வந்தாச்சா?" என்று கேட்பாள் மனைவி. சம்பளத்தைக் குறை சொல்ல மாட்டேன், கப்பல் ஏறினால் தனியாகக் கமிஷனும் உண்டு.

உங்களில் யாருக்காவது இப்படி அடுத்தவர் வார்த்தையைச் சுமக்கிற பிழைப்பு இருக்கிறதா? பிடித்துத்தான் செய்கிறீர்களா? அப்புறம், அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதியிருக்க வேண்டும்?

டீக்கடை மாமா (மோல்மேன்):

ப்வேஸா என்று எழுது தம்பி. தரகன்தானே, அதில் என்ன வெட்கம்? கல்யாணத் தரகர் என்று நினைத்து யாராவது பெண் பார்க்கச் சொன்னால் அந்தக் கமிஷனையும் வாங்கிக்கொள்.

எனக்கும் கொஞ்சம் மொழிபெயர்ப்பு உண்டு. நம் தோசையை இங்கே 'தோஷே' என்கிறார்கள். பர்மிய எழுத்தில் படித்தால் அது குட்டை, நீளம் என்று வரும். ஒரே தோசை எப்படிப்பா குட்டையாகவும் நீளமாகவும் இருக்கும் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். "காசு கொடுக்கறவனுக்கு நீளம், நமக்குக் குட்டை" என்றார். அவ்வளவுதான் என் படிப்பு.

பிடித்துச் செய்கிறேனா என்றால், 'சோ செய்ன்' கேட்டவருக்கு இனிப்பும் பாலும் தூக்கலாக ஆற்றிக் கொடுக்கும்போது பிடிக்கிறது. எப்போதோ வருகிற கரண்டுக்காக ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து மாவாட்டும்போது பிடிக்கவில்லை. நீ கடித்துத் துப்பிய உளுந்து பொங்க ஆறு மணி நேரம் வேண்டும், அதற்குக் கரண்டு அட்டவணை தெரியாது.

களத்துமேடு (பெகு பக்கம்):

தம்பி, நான் நீ பேசும் போனுக்கு இந்தக் கடைசியில் இருப்பவன். தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு நெல். அறுத்த கையோடு, ஈரம் காய்வதற்குள் உளுந்தை விதைத்துவிடுவோம். தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் மார்கழிப் பனியும் போதும். மாசியில் பிடுங்கிக் களத்தில் போடுவோம். பர்மியர் மத்பே என்பார்கள். விளைவதில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது. ஆகவே அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டால் இங்கே என் களம் ஆடும்.

2017 ஆகஸ்டில் ஆடியது. விலை ஏறும் என்று மூட்டை கட்டி அடுக்கி வைத்திருந்தேன். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன்தான் என்று இந்தியா வரம்பு கட்டிவிட்டது. எங்களுக்கு அது உடனே தெரியாது. ரங்கூனில் இருந்த தரகர் பையனுக்குத் தெரியும். "கொஞ்சம் பொறுங்க மாமா, பேசிக்கிட்டிருக்காங்க" என்றான். அந்தக் 'கொஞ்சம்' ஆறு வாரம் ஓடியது. மூட்டையில் வண்டு விழுந்த பிறகு, கேட்ட விலைக்குத் தள்ளினேன். "மாமா, கதவைச் சாத்திட்டாங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி நஷ்டத்தோடு போயிருக்கும். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசுவான். அந்த மரியாதையில்தான் நான் முழுகினேன்.

அதனால் கேட்கிறேன், கல்லை ஏன் விட்டாய்? 'திருட்டுப் பய'வை நீ விழுங்கியது சரி. மூட்டைக்கு எவ்வளவு கல் என்று அந்தப் பெரியவருக்குத் தெரிய வேண்டாமா? கமியாவைக் கடைசியில் ஒட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. வார்த்தையை எடுத்துக்கொண்டு கமியாவை மட்டும் கொடுக்காதே.

2021இல், வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஐந்து வருஷத்துக்கு என்று இரண்டு அரசும் எழுதிக்கொண்டதாகச் சொன்னார்கள். நல்லது. ஆனாலும் 2017க்குப் பிறகு நான் அடுக்கி வைப்பதில்லை. களத்தில் வைத்தே விற்றுவிடுகிறேன்.

ரங்கூன் பொண்ணு (இப்போது சென்னை):

அண்ணா, உங்கள் வேலைதான் எனக்கும், உளுந்துக்குப் பதில் நோயாளிகள். வைத்தியத்துக்குச் சென்னை வரும் பர்மியக் குடும்பங்களுக்கு டாக்டர் அறையில் பேச உதவுகிறேன். முதல் வருஷம் நானும் உங்களைப் போலத்தான். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று மகன் கண்ணைக் காட்டுவார், நானும் பாதியை முழுங்குவேன். ராத்திரி தூக்கம் வராது.

இப்போது உட்கார்ந்தவுடனே இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன், "நீங்கள் பேசுவது எல்லாவற்றையும் சொல்வேன், சொல்லக் கூடாததை என் முன்னால் பேச வேண்டாம்" என்று. நம்ப மாட்டீர்கள், பாதிப் பேர் குரலே மாறிவிடும். 'ஆனாதே'வை நான் தமிழில் சொல்வதே இல்லை. அப்படியே விட்டுவிட்டு, "இது அவங்க ஊர் 'வேண்டாம்' சார்" என்பேன். ஒரு டாக்டர் இப்போது என்னை முந்திக்கொண்டு "ஆனாதேவா?" என்று அவரே கேட்கிறார்.

படிவத்தில் நான் மொழிபெயர்ப்பாளர் என்றுதான் எழுதுகிறேன். அம்மா மட்டும் நான் புத்தகம் எழுதுவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உளுந்துத் தம்பி (ரங்கூன்):

களத்துமேடு மாமா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உறுத்தலாக இருந்தது. 2017இல் அப்படிப் பேசியவன் நான் இல்லை, ஆனால் நானும் நாலு பேரிடம் அதே 'கொஞ்சம் பொறுங்க'வைச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் பெரியவர் கடைக்குப் போனேன். போன தடவை போன சரக்கில் கல் இருந்தது, அதனால்தான் சென்னைக்காரர் விலையைக் குறைத்துக் கேட்டார் என்று, கமியா எல்லாம் சேர்த்து, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த குத்தூசியை வாங்கித் தன் மூட்டையிலேயே குத்தினார். உள்ளங்கையில் கொட்டிக் கிளறினார். மூன்று கல். "ரோட்டோரம் காயப்போட்ட சரக்கு இது, நான் சலித்துத் தருகிறேன்" என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்.

எனக்கு வாயில் வந்தது "ஆனாதே"தான்.

பெரியவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. விலையில் இன்னும் பத்து டாலர் இடிக்கிறது. இன்று பதினோரு மணிக்கு மறுபடியும் போன்.